எட்டு மாதத்தில் வந்த மணல்வாரி எட்டு வயதில் மூளையைத் தாக்குமா?

திருப்பூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் பெயரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவரும் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். மூத்தவன் பையன், எட்டு வயது ஆகப்போகிறது, மூன்றாம் வகுப்பு. அவன் எட்டு மாதக் குழந்தையாக அம்மாச்சி வீட்டில் இருந்தபோது அம்மை போட்டிருக்கிறது. நாலு நாள் கடும் காய்ச்சல், சளி, கண் சிவந்து பீளை கட்டியது. பிறகு காதோரத்திலும் முகத்திலும் ஆரம்பித்து உடம்பெங்கும் மணல் தூவினது போலச் சிவப்பு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகவில்லை. வேப்பிலை கட்டி, மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, தண்ணீர் ஊற்றியதோடு சரி. "அம்மை வந்துபோனவனுக்கு எதுக்கு அம்மை ஊசி?" என்று ஒன்பதாம் மாத ஊசியை விட்டார்கள், ஒன்றரை வயதில் போட வேண்டியதும் விட்டுப்போனது.

போன மாதம் அவர் செல்போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனுக்கு உடம்பு திடீர் திடீரென்று தூக்கிப்போட ஆரம்பித்து, சில மாதங்களில் படுத்த படுக்கையாகிவிட்டான். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த மணல்வாரியின் (தட்டம்மை, ஆங்கிலத்தில் மீசில்ஸ்) வைரஸ்தான் காரணம், நோயின் பெயர் எஸ்.எஸ்.பி.இ. என்று அதில் சொன்னார்கள். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் போய்விட்டது. மகனின் கையெழுத்து மோசமாகிவிட்டது என்று டீச்சர் சொல்கிறார். தூங்கப் போகும்போது அவனுக்குக் கை கால் வெட்டுகிறது. ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஒன்றுவிட்ட தம்பியோ, "ஊசியிலயும் உயிரோட இருக்கற கிருமிதான் இருக்கு, அதுவும் மூளையில போய் ஒளிஞ்சுக்கும்" என்கிறார். இளையவள் எட்டு மாதப் பெண் குழந்தை. அடுத்த மாதம் அவளுக்கு ஊசி. கணவரும் மாமியாரும் வேண்டாம் என்கிறார்கள். இதற்கு நடுவில், அடுத்த தெருவில் இருக்கும் நாத்தனார் பிள்ளைக்கு நேற்று உடம்பெல்லாம் சிவந்திருக்கிறது. முந்தாநாள்தான் அவன் இவர்கள் வீட்டில் விளையாடிவிட்டுப் போனான்.

"என் பையனுக்கு அந்த நோய் வருமா? இப்போது ஊசி போட்டால் உள்ளே தூங்குகிற கிருமி எழுந்துகொள்ளுமா? சின்னவளுக்குப் போடலாமா, கூடாதா?" இவைதாம் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கவலை முழுக்க மூத்தவன் மேல் இருக்கிறது. கடிதத்தைப் படித்த எனக்கோ கவலை சின்னவள் மேல். அவன் விஷயத்தில் நடந்தது நடந்துவிட்டது, அதில் நாம் செய்யக்கூடியது குறைவு. அவள் விஷயத்தில் எல்லாமே இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. அதனால் அவளிடமிருந்து ஆரம்பிக்கிறேன். இந்தப் பகுதியை மட்டும் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்கு அனுப்பிவிட்டோம். இதே நிலையில் இருக்கும் மற்ற தாய்மார்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் சின்னவள்: மணி ஓடிக்கொண்டிருக்கிறது

மணல்வாரி காற்றில் பரவும் நோய். நோயாளி எழுந்து போன அறையிலும் இரண்டு மணி நேரம் வரை வைரஸ் மிதந்துகொண்டிருக்கும். எதிர்ப்பாற்றல் இல்லாதவர் அந்த அறைக்குள் வந்தால், பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஒட்டிக்கொள்ளும். சிவப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே குழந்தை பரப்ப ஆரம்பித்துவிடும், தெரிந்த பிறகும் நான்கு நாள் பரப்பும். அம்மை போட்ட வீட்டுக்கு வெளியாட்கள் போகக்கூடாது என்ற நம் ஊர் வழக்கம் நல்ல வழக்கம்தான். ஆனால் வாசலில் வேப்பிலை ஏறும்போது பாதிப் பரவல் முடிந்திருக்கும். உங்கள் நாத்தனார் பிள்ளை உங்கள் வீட்டில் விளையாடியது அந்த நாட்களில்தான்.

மணல்வாரி வந்தவரோடு பழக நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால், நோய் வராமலே போகலாம், வந்தாலும் லேசாகப் போகலாம். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு இந்தச் சூழலில் போடலாம். 2022-ல் மும்பையில் மணல்வாரி பரவியபோது, ஒன்பது மாதம் ஆகாத குழந்தைகளிடையே நோய் அதிகமாக இருந்த இடங்களில், ஆறு மாதம் முடிந்தவர்களுக்கும் ஒரு டோஸ் போடும்படி மத்திய அரசு அறிவுறுத்தியது. 72 மணி நேரம் தாண்டிவிட்டால், ஆறு நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற வேறொரு ஊசி உண்டு. அது எல்லா இடத்திலும் கிடைக்காது, எல்லாக் குழந்தைக்கும் தேவையும் இல்லை. அதைப் போட்டால் தடுப்பூசியைச் சில மாதம் தள்ளிப்போட வேண்டியிருக்கும். எது பொருந்தும் என்பதைக் குழந்தையைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஒன்பது மாதத்துக்கு முன் போடும் டோஸ் கணக்கில் வராது. குறைந்தது நான்கு வாரம் இடைவெளி விட்டு, ஒன்பது மாதம் முடிந்ததும் போட வேண்டிய ஊசியை மறுபடியும் போட வேண்டும். "அதான் போன மாசமே போட்டாச்சே" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது டோஸ். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) மிச்சமிருப்பதாலும் வயது குறைவு என்பதாலும், ஒன்பது மாதத்தில் போடும் முதல் டோஸ் நூற்றில் சுமார் 85 குழந்தைகளுக்குத்தான் முழுப் பலன் தரும். மீதிப் பேரையும் சேர்த்துக் காப்பது இரண்டாவது டோஸ். நம் ஊரில் இந்த இரண்டாவதைத்தான் அதிகம் மறக்கிறோம்.

நாத்தனார் பிள்ளையையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லுங்கள். காய்ச்சலோடு சிவப்புத் தடிப்பு என்றால் கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னாலே போதும், ரத்த மாதிரி எடுத்து அனுப்ப அவர்கள் ஏற்பாடு செய்வார்கள். இந்தப் பரிசோதனையைச் செய்யும் ஆய்வகங்களில் ஒன்று சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிட்யூட். அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று மாமியார் பயந்தால், வேப்பிலையும் இருக்கட்டும், மருந்தும் இருக்கட்டும் என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் சண்டை இல்லை. மணல்வாரி வந்த குழந்தைக்கு அடுத்தடுத்த இரண்டு நாட்களில் வைட்டமின் ஏ சொட்டு மருந்து கொடுப்பது கண்ணையும் உயிரையும் காப்பாற்றும் சிகிச்சை. வயதுக்கு ஏற்ற அளவை மருத்துவர் கொடுப்பார். வீட்டில் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். பட்டினி போடாதீர்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மூச்சிரைப்பு, பாலே குடிக்காமல் துவண்டு கிடப்பது, வலிப்பு இவற்றில் எதைப் பார்த்தாலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வீடியோவில் பார்த்த நோய் எது?

எஸ்.எஸ்.பி.இ. என்பது சப்அக்யூட் ஸ்க்ளீரோசிங் பான்என்செஃபலைட்டிஸ். பெயர் வாயில் நுழையாது, மருத்துவர்களான நாங்களும் சுருக்கித்தான் சொல்கிறோம். 1933-ல் டாசன் என்ற அமெரிக்க மருத்துவர், இறந்த ஒரு சிறுவனின் மூளைத் திசுவில் வைரஸின் தடம் போன்ற ஒன்றைக் கண்டு எழுதினார். அது மணல்வாரி வைரஸ்தான் என்று உறுதியாக மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1969-ல்தான் நோயாளிகளின் மூளையிலிருந்தே வைரஸைப் பிரித்தெடுத்தார்கள்.

பெரும்பாலான குழந்தைகளின் உடம்பு மணல்வாரி வைரஸைச் சீக்கிரமே துடைத்துவிடும். வெகு சிலருக்கு, அதிலும் எதிர்ப்பாற்றல் முதிராத கைக்குழந்தைகளுக்கு, அது மூளையின் நரம்பணுக்களுக்குள் புகுந்து தங்கிவிடுகிறது. அங்கே வருடக்கணக்கில் அதன் மரபணுவில் மாற்றங்கள் சேர்ந்து, முழு வைரஸாக வெளியே வர முடியாத ஊனமான வடிவத்துக்கு மாறுகிறது. வெளியே வராததால் ரத்தத்தில் எவ்வளவு எதிர்ப்பொருள் இருந்தாலும் அதைப் பிடிக்க முடிவதில்லை. ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்த நரம்பணுவுக்கு உள்ளுக்குள்ளேயே தாவுகிறது. அறிகுறி வெளியே தெரியப் பெரும்பாலும் ஆறு முதல் பத்து ஆண்டுகள் ஆகும். இந்த நோய் வந்த குழந்தையிடமிருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது. அப்படி ஒரு குழந்தை உங்கள் ஊரில் இருந்தால் தயங்காமல் போய்ப் பாருங்கள், அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய ஆறுதல்.

நோய் கொடியது என்பதில் வீடியோ பொய் சொல்லவில்லை. முழுமையாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஐசோபிரினோசின் மாத்திரை, முதுகுத் தண்டுநீரில் செலுத்தும் இன்டர்ஃபெரான் போன்றவை சிலருக்கு நோயின் ஓட்டத்தைத் தணிக்கின்றன. வெட்டி இழுப்பதை அடக்க வேறு மாத்திரைகள் உண்டு. ஆனாலும் பெரும்பாலான குழந்தைகளைச் சில ஆண்டுகளில் இழந்துவிடுகிறோம். இப்படிப்பட்ட நோய்களைச் சுற்றி "மூளையில் இருக்கும் வைரஸைச் சுத்தம் செய்கிறோம்" என்று லட்சக்கணக்கில் வாங்கும் ஆட்களும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

உங்கள் மகனுக்கு வருமா?

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், அவனுக்கு வந்தது மணல்வாரியாகத்தான் இருக்க வேண்டும். நீர்க்கொப்புளம் இல்லை, கண் சிவப்பும் சளியும் முன்னால் வந்திருக்கின்றன, தடிப்பு முகத்திலிருந்து கீழே இறங்கியிருக்கிறது. இதே போலச் சிவக்க வைக்கும் வேறு வைரஸ் காய்ச்சல்களும் கைக்குழந்தைகளுக்கு வரும் என்பதால், பரிசோதனை இல்லாமல் நூற்றுக்கு நூறு என்று சொல்ல முடியாது.

மணல்வாரி வந்தவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்க்கும் பழைய கணக்குகள், லட்சம் பேரில் நாலு முதல் பதினொரு பேருக்கு எஸ்.எஸ்.பி.இ. வருவதாகச் சொல்லின. சிறு குழந்தைகளைத் தனியே பிரித்துப் பார்த்தபோது அந்த எண் ஏறியது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் 1998 முதல் 2015 வரை கண்டறிந்த நோயாளிகளை வைத்துப் போட்ட கணக்கில், ஐந்து வயதுக்குள் மணல்வாரி வந்தவர்களில் சுமார் 1,367 பேருக்கு ஒருவர், ஒரு வயதுக்குள் வந்தவர்களில் சுமார் 609 பேருக்கு ஒருவர் என்று வந்தது. இதை உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை. உங்கள் மகன் அந்த இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறான். அந்த மோசமான கணக்கின்படியே பார்த்தாலும் 609 பேரில் 608 பேருக்கு இந்த நோய் வருவதில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த 608-ஐ நம்பித்தான் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவேன். அதே சமயம், தொற்று வந்து ஏழு வருடம் ஆகிவிட்டதால் ஆபத்து நீங்கிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

இனி கையெழுத்தும் தூக்கத்தில் வெட்டுவதும்.

கண் அயரும் நேரத்தில் கையோ காலோ ஒருமுறை வெட்டிப் போடுவது உங்களுக்கும் எனக்கும் வரும். பள்ளத்தில் விழுவது போலத் தூக்கிவாரிப் போட்டு விழித்துக்கொள்வோமே, அதுதான். எஸ்.எஸ்.பி.இ.யின் வெட்டு இதற்கு நேர்மாறாக விழித்திருக்கும்போது வரும், தூங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரே மாதிரியாக, சில விநாடிகளுக்கு ஒருமுறை, ஏதோ கணக்கு வைத்துக்கொண்டு வருவது போலத் திரும்பத் திரும்ப வரும். உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தலை சட்டென்று தொங்கும், அல்லது தோளும் கையும் ஒரு முறை குலுங்கி மெதுவாகத் தளரும். நடக்கும்போது முழங்கால் மடிந்து விழுவான், கையிலிருக்கும் தட்டு நழுவும். "பிள்ளை கவனக்குறைவா விழறான்" என்றுதான் முதலில் பெற்றோர் சொல்வார்கள்.

இந்த வெட்டுக்கு முன்பே, சில வாரங்களோ மாதங்களோ, படிப்பு சரிவது உண்டு. அதில் ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டும். புதிதாகச் சொல்லிக்கொடுப்பது வரவில்லை என்பது வேறு. நேற்றுவரை தெரிந்தது இன்று தெரியவில்லை என்பது வேறு. போன வருட நோட்டையும் இந்த வருட நோட்டையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். மூன்றாம் வகுப்பில் எழுத வேண்டியது கூடுகிறது, வேகமாக எழுதச் சொல்கிறார்கள். எழுத்து கோணுவதற்கு அதுவே போதும். கரும்பலகை தெரியாமல் கண்ணைச் சுருக்குகிறானா என்றும் பாருங்கள். கண் பரிசோதனை எப்படியும் ஒருமுறை நல்லது. ஆனால் தானே சட்டைப் பொத்தான் போட்டவன் இப்போது தடுமாறுகிறான், தெரிந்த வாய்ப்பாட்டை மறக்கிறான், வீட்டுக்கு வரும் வழி குழம்புகிறது, குணமே மாறிவிட்டது என்றால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். அவனை நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லி, மூன்று நிமிடம் செல்போனில் வீடியோ எடுங்கள். பிறகு ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிக் கையில் கொடுத்து, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கச் சொல்லி எடுங்கள். விளையாட்டாகச் செய்யுங்கள், பயமுறுத்த வேண்டாம். ஒரே தினுசான குலுக்கல் திரும்பத் திரும்பத் தெரிந்தால், கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறெங்காவதோ குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் அந்த வீடியோவோடு போங்கள். தாயின் செல்போனில் இருக்கும் வீடியோ பல சமயம் நாங்கள் செய்யும் பாதிப் பரிசோதனைக்குச் சமம்.

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை வேண்டுமா?

வேண்டாம் என்பதே என் பதில். அறிகுறியே இல்லாத பிள்ளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து இந்த நோய் வருமா என்று சொல்ல முடியாது. நோய் தொடங்கிய பிள்ளைகளிலேயே ஆரம்பத்தில் ஸ்கேன் சுத்தமாக இருக்கலாம். அதைப் பார்த்து நிம்மதி அடைவதும் தவறாகிவிடும். ரத்தத்தில் மணல்வாரி எதிர்ப்பொருள் பார்க்கலாம்தான். உங்கள் மகனுக்கு ஊசியே போடாததால், அது இல்லை என்று வந்தால் அன்று வந்தது மணல்வாரியாக இருக்க வாய்ப்பில்லை என்று தெரியும். இருக்கிறது என்று வந்தாலோ, ஏற்கெனவே தெரிந்ததைக் காசு கொடுத்து மறுபடி தெரிந்துகொண்டதாகும், எஸ்.எஸ்.பி.இ. பற்றி அது எதுவும் சொல்லாது. உங்களைப் போன்ற மனநிலையில் இருக்கும் ஒரு தாயிடம் அந்தத் தாளைக் கொடுக்க நான் விரும்ப மாட்டேன். நோயைச் சந்தேகிக்கக் காரணம் இருந்தால் மட்டுமே மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி.யும், முதுகுத் தண்டுநீரில் மணல்வாரி எதிர்ப்பொருள் பரிசோதனையும் செய்வோம். இந்த நோயில் ஈ.ஈ.ஜி.யில் சில விநாடிகளுக்கு ஒருமுறை பெரிய அலைகள் சீராக எழுந்து அடங்கும். பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தப்பாது.

"ஊசியிலும் உயிருள்ள கிருமிதானே?"

உங்கள் தம்பி சொன்னதில் பாதி சரி. எம்.ஆர். (மணல்வாரி, ரூபெல்லா இரண்டையும் தடுக்கும்) தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள, ஆனால் பலமிழக்கச் செய்யப்பட்ட வைரஸ். அது மூளையில் போய் ஒளிந்துகொள்ளும் என்ற மீதிப் பாதி தவறு. எஸ்.எஸ்.பி.இ. நோயாளிகளின் மூளைத் திசுவில் வைரஸின் மரபணுவைப் படித்துப் பார்த்தபோதெல்லாம், ஊரில் இயற்கையாகப் பரவும் மணல்வாரி வைரஸ்தான் இருந்தது. ஊசியில் இருக்கும் வகை இருந்ததில்லை. ஊசி போட்ட சில பிள்ளைகளுக்கும் இந்த நோய் வந்திருக்கிறதே என்றால், அவர்களுக்கு ஊசி போடும் வயதுக்கு முன்பே மணல்வாரி தொற்றியிருந்தது, சில சமயம் யாரும் கவனிக்காத அளவுக்கு லேசாக. அமெரிக்காவில் 1963-ல் மணல்வாரித் தடுப்பூசி வந்தது. அதன்பின் மணல்வாரி குறையக் குறைய, சில ஆண்டுகள் பின்தங்கி எஸ்.எஸ்.பி.இ.யும் குறைந்தது. ஊசி இந்த நோயைத் தருவதாக இருந்தால், கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு ஊசி போட்ட நாட்டில் அது கூடியிருக்க வேண்டும்.

மூத்தவனுக்கு இப்போது போட்டால் தூங்குகிற கிருமி எழுமா? எழாது. ஏற்கெனவே மணல்வாரி வந்த உடம்பில் ஊசியின் மணல்வாரி வைரஸ் போன வேகத்தில் அழிந்துவிடும். ஆனால் இந்த ஊசி அவனுடைய பழைய ஆபத்தைக் குறைக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். பிறகு ஏன் போட வேண்டும்? அன்று வந்தது மணல்வாரி இல்லையென்றால் இன்றுவரை அவன் பாதுகாப்பில்லாமல் இருக்கிறான். நாத்தனார் பிள்ளையோடு விளையாடியதும் அவன்தான். தவிர, இந்த ஊசியில் ஜெர்மன் மணல்வாரி எனப்படும் ரூபெல்லாவுக்கும் பாதுகாப்பு இருக்கிறது. அரசுத் திட்டத்தில் தவறவிட்ட எம்.ஆர். ஊசியை ஐந்து வயது வரை போடுவார்கள். இவனுக்கு வயது தாண்டிவிட்டதால், பொன்னுக்கு வீங்கியையும் சேர்த்துத் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியைக் குழந்தை மருத்துவரிடம் இரண்டு டோஸாக, நான்கு வார இடைவெளியாவது விட்டுப் போட்டுக்கொள்ளலாம். உங்கள் பகுதியில் மணல்வாரி பரவுவது உறுதியானால், வயது வரம்பைத் தளர்த்தி முகாம் போடுகிறார்களா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுவிட்டுச் செலவு செய்யுங்கள்.

ஊசிக்கு ஒரு ஆபத்தும் இல்லை என்று சொல்லிச் சமாளிக்கப் போவதில்லை. ஐந்தாறு நாள் கழித்து, பன்னிரண்டு நாளுக்குள், சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும்; சிலருக்கு லேசான சிவப்பும் வரும். அந்தக் காய்ச்சலில் சில ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு வலிப்பு வரலாம். அது பயமுறுத்தும், ஆனால் மூளைக்குக் கெடுதல் செய்யாது. கடும் ஒவ்வாமை மிக அரிது; ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வது அதற்காகத்தான். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், அதிக அளவு ஸ்டீராய்டு எடுப்பவர்கள், பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு இந்த ஊசி கூடாது. சாதாரண சளி, லேசான காய்ச்சல், பல் முளைப்பது இவையெல்லாம் தள்ளிப்போடக் காரணம் ஆகாது.

வீட்டில் எப்படிப் பேசுவது?

உங்கள் கணவரின் மறுப்பு எங்கிருந்து வருகிறது என்று கடிதத்திலிருந்து ஊகிக்க முடிகிறது. 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் எம்.ஆர். முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திகள் இன்னும் பல வீடுகளில் உயிரோடு இருக்கின்றன. அவரை முட்டாள் என்று நினைத்துப் பேசாதீர்கள். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாது என்ற அதே பயம்தான் அவருக்கும். அவர் பயப்படுவது ஊசிக்கு, நீங்கள் பயப்படுவது நோய்க்கு. அந்த வீடியோவை அவரிடமும் மாமியாரிடமும் காட்டுங்கள், அது இந்த ஒரு காரியத்துக்காவது பயன்படட்டும். அந்தச் சிறுவனுக்கு அப்படி ஆனது ஊசி போட்டதாலா, கைக்குழந்தையில் மணல்வாரி வந்ததாலா என்று மட்டும் கேளுங்கள். அதன்பின் மாமியாரையே கூட்டிக்கொண்டு நர்ஸம்மாவிடம் போங்கள். நம் வீடுகளில் மருமகள் சொன்னால் எடுபடாதது, ஊர் நர்ஸம்மா சொன்னால் எடுபடும்.

அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், நீங்களே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாம். தாய் கொண்டுவந்தால் போதும், கணவரின் கையெழுத்தை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்க மாட்டார்கள். ஊசி இலவசம். சந்தேகம் இருந்தால் 104-க்கு போன் செய்தும் கேட்கலாம். பிறகு வீட்டில் சொல்லும்போது வாக்குவாதம் வரும் என்பது எனக்குத் தெரியும். எந்த நாளில், யாரை வைத்துக்கொண்டு சொன்னால் உங்களுக்குப் பாதுகாப்பு என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

2025 செப்டம்பரில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட சுகாதாரத் துறை, பள்ளி வயதுக் குழந்தை ஒன்று எஸ்.எஸ்.பி.இ.யால் இறந்ததாக அறிவித்தது. அந்தக் குழந்தைக்கு மணல்வாரி தொற்றியது ஊசி போடும் வயது வருவதற்கு முன்பு. அதன் பெற்றோர் எதையும் தவறவிடவில்லை. சுற்றியிருந்த யாரிடமிருந்தோ வந்தது. அங்கே முதல் டோஸ் பன்னிரண்டு மாதத்துக்குப் பிறகு. நமக்கு ஒன்பது மாதத்திலேயே கிடைக்கிறது, உங்கள் மகளுக்கு இப்போதைய சூழலில் அதற்கும் முன்பே. சுற்றியிருப்பவர்களில் நீங்களும் கணவரும் அடக்கம். உங்களுக்குச் சின்ன வயதில் மணல்வாரி வந்ததோ ஊசி போட்டதோ நினைவில்லை என்றால், நீங்களும் போட்டுக்கொள்ளலாம். தாய்ப்பால் கொடுப்பது தடையில்லை. கர்ப்பம் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள், போட்ட பிறகும் ஒரு மாதம் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போகும்போது இரண்டு பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள். மூத்தவனுடையது தொலைந்திருந்தால் புதிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். எட்டு மாதத்தில் காய்ச்சலோடு தடிப்பு வந்தது, பரிசோதனை செய்யவில்லை என்பதையும் அதில் ஒரு வரி குறிக்கச் சொல்லுங்கள். இனி எந்த மருத்துவரிடம் போனாலும் நீங்கள் இந்தக் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்காது. அட்டையின் இரு பக்கத்தையும் போட்டோ எடுத்து உங்கள் போனிலும் கணவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.